பாதி விலாசத்தோடு லிஃப்டுக்குள்

பேஜர் என்று ஒரு சாமான் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால், எங்கிருந்தோ யாரோ சொல்வதைத் தன் சின்னக் கண்ணாடியில் எழுத்து எழுத்தாக ஓட்டிக் காட்டும். பதிலுக்கு நாம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. என்னிடம் பத்திரிகை வாங்கிப் படிக்கும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க மாமியார் மாதிரி இருக்கே சார், அது பேசும், நாம கேட்டுக்கணும்" என்றார். அன்றிலிருந்து அது கிணுகிணுத்தாலே எனக்கு முகம் தெரியாத அவருடைய மாமியார் ஞாபகம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சர்க்குலேஷன் லைப்ரரி நடத்திக்கொண்டிருந்தேன். நடத்துவது என்றால் கடை, போர்டு எல்லாம் கிடையாது. ஒரு மொபெட், இரண்டு பக்கமும் காக்கிப் பை, பைக்குள் வாரப் பத்திரிகைகள். மந்தைவெளியில் ஆரம்பித்து மயிலாப்பூர் சுற்றி தி. நகரில் முடிப்பேன். ஒரு வீட்டில் படித்து முடித்ததை வாங்கி அடுத்த வீட்டில் போடுவது. பத்திரிகையோடு பேச்சும் அப்படியே வீடு மாறும். பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. மிச்சத்தை அந்தப் பைகளிலிருந்தும், லஸ்ஸில் பழைய புத்தகம் பரப்பி வைப்பவரிடமிருந்தும் படித்துக்கொண்டேன். அப்படித்தான் வானம் பிடித்தது. அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் ஒரு தொலைநோக்கியைச் சுற்றி நிற்போம். சனி கிரகத்தின் வளையத்தை முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் வருவாள். மந்தைவெளிப் பெண், ஆராய்ச்சி மாணவி. என்னை அண்ணா என்பாள். அவளுடைய ஆராய்ச்சி காமா கதிர் வெடிப்புகளின் பின்னொளி. நான் புரிந்துகொண்டவரை சொல்கிறேன். நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஏதோ ஒன்று வெடிக்கிறது. என்ன வெடிக்கிறது என்று அப்போது பெரிய விஞ்ஞானிகளுக்கே தீர்மானமாகத் தெரியாது. அதிலிருந்து வரும் காமா கதிர் சில விநாடிதான் இருக்கும். பூமிக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்தான் அதைப் பார்க்கும். ஆனால் வெடித்த இடத்தில் சாதாரண வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் நிற்கும். மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகும். அதுதான் பின்னொளி. அப்படி ஒன்றை முதன்முதலாகப் பிடித்ததே தொண்ணூற்றேழில்தான். எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் அதற்குச் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றுவரை பிடிக்கும்: "கல்யாணம் முடிஞ்சு சம்பந்திகள்ளாம் கிளம்பிப் போனப்பறம் மண்டபத்துல ஒரு வெளிச்சம் இருக்குமே, எந்த பல்பைச் சொல்றதுன்னே தெரியாம, அது."

அந்தப் பெரியவரை நாங்கள் கம்ப்யூட்டர் மாமா என்போம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டாம் மாடி. எங்களில் அவர் வீட்டில் மட்டும்தான் இன்டர்நெட் இருந்தது. டெலிபோன் கம்பியைச் செருகிவிட்டு, கொர்ர் கீச் என்று அது கத்தி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உலகத்தில் எங்கே ஒரு வெடிப்பு பதிவானாலும், அது வானத்தில் எந்த இடம் என்ற சேதி அவருடைய திரைக்கு வந்துவிடும்.

அந்தத் தை மாதம் அவளுக்கு மலை மேலிருந்த பெரிய தொலைநோக்கியில் மூன்று ராத்திரி கிடைத்தது. அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். இந்த மூன்றில் ஒரு பின்னொளியாவது பிடிக்காவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். இரண்டரை வருஷப் படிப்பு. மலையில் மின்னஞ்சல் லைன் படுத்துவிட்டது, டெலிபோன் மட்டும் வேலை செய்தது. அதனால் ஒரு சங்கிலி போட்டோம். கம்ப்யூட்டர் மாமா சேதியைப் பார்க்க வேண்டியது. அவர் இன்டர்நெட்டில் இருக்கும்போது லைன் கிடைக்காது, மலையிலிருந்து அவளால் கூப்பிட முடியாது. அவர் போனில் எஸ்டிடி, அதாவது வெளியூர் பேசும் வசதி, கிடையாது, முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படி இறங்கவும் முடியாது; ஆகவே பேஜர் கம்பெனிக்கு லோக்கல் கால் போட்டு, அங்கே இருக்கும் பெண்ணிடம் சேதியைச் சொல்ல வேண்டியது. அவள் தட்டி விடுவது என் இடுப்புக்கு வரும். நான் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடி மலைக்குப் போன் போட வேண்டியது.

முதல் ராத்திரி மேகம். இரண்டாம் ராத்திரி வானம் கண்ணாடி மாதிரி, ஆனால் சேதியில்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தேன். ஐந்து மாடிக் குடியிருப்பு. வாசலிலேயே எஸ்டிடி பூத். ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போட்டுவிட்டு உடனே இறங்கிவிடலாம் என்று லிஃப்டில் ஏறினேன்.

உள்ளே ஏற்கனவே இரண்டு பேர். நாலாம் மாடி மாமி, கையில் காய்கறிப் பை, பையிலிருந்து கொத்தமல்லி எட்டிப் பார்த்தது. அவருடைய வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வருகிறவர். மாமி எனக்குப் பழைய வாடிக்கை. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது வெளியே எங்கோ டமார் என்று சத்தம். விளக்கு போயிற்று. லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"டிரான்ஸ்பார்மர் பூட்ச்சி," என்றார் அக்கா இருட்டில். "நேத்திக்கே பொறி பொறியா வந்துகினு இருந்துச்சு."

அது மடக்குக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். கண் பழகியதும் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் பூசாத சிமெண்ட் சுவர். தலைக்கு மேலே மட்டும் ஒரு முழ உயரத்துக்கு நாலாம் மாடி நடை தெரிந்தது. அங்கேயும் பூட்டிய கம்பிக் கதவு. அதற்கப்பால் மாடிப்படி ஜன்னல், ஜன்னலில் ஆரஞ்சு நிற வானம்.

மாமி கத்தினார். கீழிருந்து வாட்ச்மேன் பதில் கத்தினார். மெக்கானிக் ஆதம்பாக்கத்தில் இருக்கிறாராம். போன் பண்ணியாயிற்றாம். ஸ்கூட்டரில் வருகிறாராம்.

"ஆதம்பாக்கத்துலேர்ந்து கிண்டி தாண்டி வரணும், இன்னிக்குக் குதிரை ரேஸ் வேற," என்றார் மாமி. "விடிஞ்சுடும்."

"இன்னா மாமி பயமுறுத்தறே," என்றார் அக்கா. "எங்களையே ஆத்தோரத்துலேர்ந்து தூக்கி எங்கியோ கண்காணாத எடத்துல போடப் போறாங்கன்னு சொல்லிகினு கீறாங்க. அங்க போய் மூச்சு முட்டறதுக்கு இங்கியே பழகிக்கிறேன் போ."

சிரித்தோம். சிரிப்பு அந்தப் பெட்டிக்குள் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று பேர் மூச்சு, கிரீஸ் வாசனை, கொத்தமல்லி. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கையை நீட்டினால் இந்தப் பக்கம் தகரம், அந்தப் பக்கம் சிமெண்ட்.

அப்போதுதான் பேஜர் கிணுகிணுத்தது.

கண்ணாடி பச்சையாக எரிந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ஓடியது: "நமஸ்காரம். அனைவரும் க்ஷேமம் என நம்புகிறேன். பகவத் கிருபையால் இன்று ஒரு வெடிப்பு. பின்னொளி உறுதி. மேற்கு வானம். சீக்கிரம் அஸ்தமனம். ஆர்.ஏ. இருபத்திரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம் பதினேழு விநாடி. டெக்" அதோடு நின்றுவிட்டது.

ஒரு பேஜர் சேதிக்கு இத்தனை எழுத்துதான் என்று கணக்கு உண்டு. எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன்: "மாமா, எண்ணை மட்டும் சொல்லுங்கோ, போதும்." அவர் கேட்டால்தானே. "ஒருத்தருக்கு ஒரு சேதி அனுப்பறச்சே, எடுத்த எடுப்புல நம்பர் சொல்றது என்ன மரியாதை?" என்பார். வானத்தில் ஓர் இடத்துக்கு இரண்டு எண் வேண்டும். பூமியில் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றின் இடத்தை க்ஷேமம் அடைத்துக்கொண்டது.

அடுத்த கிணுகிணு: "நமஸ்காரம். முந்தைய சேதி கிடைத்திருக்கும் என நம்புகிறேன். மலைக்குச் சொல்லியாயிற்றா? தங்கள் பதிலை ஆவலுடன்"

பதில்! பேஜரிலிருந்து! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தலைக்கு மேலே அந்த ஒரு முழ இடைவெளியில் ஜன்னல் வானம் ஆரஞ்சிலிருந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது இருட்டு. மலையில் இருப்பவளுக்கு அது கதவு திறப்பது. நன்றாக இருட்டியதும் தொலைநோக்கியைத் திருப்பினால் மேற்கே அந்த இடம் மரங்களுக்குள் விழுவதற்குள் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அவள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் இங்கே பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன சார், யாராவது போய்ட்டாளா?" என்றார் மாமி, என் முகத்தைப் பச்சை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு.

சொன்னேன். வெடிப்பு, மிச்ச வெளிச்சம், மலை, மூன்றாவது ராத்திரி. மாமி முழுசாகக் கேட்டார். அக்கா, "அடுப்ப அணைச்சப்பறம் கங்கு கீற மாதிரி. அது ஆறிப்போறதுக்குள்ள அந்தப் பொண்ணு பார்க்கணும். அதானே?" என்றார். அதுதான்.

"வாட்ச்மேனை பூத்துக்கு அனுப்பலாமே," என்றார் மாமி.

கீழே கத்திக் கேட்டோம். கரெண்ட் இல்லை, மீட்டர் ஓடாது, பூத்துக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டாராம்.

மாமி காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "எங்காத்துல ஃபோன் இருக்கு. அவரைக் கூப்பிடு."

"நீயே கூப்பிடேன் மாமி. எதிர்க்கத்தானே வீடு."

"கூப்பிடுன்னா கூப்பிடேன்."

அக்கா கூப்பிட்டார். "ஐயா! ஐயாவ்!" டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. மாமியின் வீட்டுக்காரர் நடையில் குந்தி உட்கார்ந்து, கம்பி வழியே கீழே பார்த்தார். அவர் முகம் எங்கள் தலைக்கு இரண்டு அடி மேலே.

"அவர்ட்ட சொல்லு," என்றார் மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு. "லைப்ரரிக்காரர் ஒரு நம்பர் தரார். மயிலாப்பூருக்கு ஃபோன் பண்ணி மிச்சத்தைக் கேட்டு எழுதிக்கணும்."

"ஐயா, எய்திக்கினு வரச் சொல்றாங்க."

"காதுல விழுந்தது. பேனா எங்கே வச்சிருக்கான்னு கேளு."

"மாமி, பேனா எங்கன்னு..."

"காலண்டர் பின்னாடி."

"கேலண்டர் பின்னாடியாம் ஐயா."

மூன்று பேரும் ஒரே பாயில் உட்காரக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். ஒரு பத்திரிகையின் மேலட்டையைக் கிழித்து, கம்ப்யூட்டர் மாமாவின் நம்பரும் கிடைத்த பாதி எண்ணும் எழுதி, கம்பி வழியே மேலே நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு மணியா? எந்த ஊர்ல சார் இப்போ அந்த மணி?" என்றார். வானத்துக்கு ஒரு கணக்கு சார், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் போனதும் அக்கா என் காதோரம் சொன்னார்: "நாலு மாசமா ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. நான் வந்தாத்தான் பேச்சே. நான் லீவு போட்டா அந்த வீட்டுல காப்பிக்குச் சக்கர வேணுமான்னு கேக்கக்கூட ஆளு கெடையாது."

"எல்லாம் கேக்கறது," என்றார் மாமி.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

டார்ச் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வந்தவர் முகத்தில் வேர்வை. "உங்க மாமா என் சொந்த ஊர், அப்பா பேர், கோத்திரம் வரைக்கும் விசாரிச்சுட்டுதான் நம்பரையே சொன்னார்," என்றார். பிளஸ் பதினொன்று பாகை, அதற்கப்புறம் இரண்டு எண். திருப்பிப் படிக்கச் சொன்னேன். கூட்டலா கழித்தலா என்று இரண்டு தடவை கேட்டேன். கூட்டல்தான். முழு விலாசம் கிடைத்துவிட்டது. மலை நம்பரையும் கொடுத்தேன்.

போனார். உடனே திரும்பி வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எஸ்டிடி போகலே. பூட்டியிருக்குன்னு அவகிட்ட சொல்லு."

அக்கா அதை மாமியிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வீட்டுப் போனில் ஒரு ரகசிய எண்ணைப் போட்டு வெளியூர்க் கால் போகாமல் பூட்டிவைக்கலாம். எண் தெரிந்தவர்தான் திறக்க முடியும். அந்த வீட்டில் பூட்டியது யார் என்பது மாமியின் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜன்னல் வானம் கறுப்பாகிவிட்டது. "மாமி," என்றேன், "எனக்கு உங்க வீட்டு விஷயம் தெரியாது. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான்."

அக்கா மெதுவாக, யாரிடமும் இல்லாத மாதிரி சொன்னார்: "பம்பாய்ல இவங்க பொண்ணு பாப்பா கீதுல்ல. அதுவா பார்த்துக் கல்யாணம் கட்டிக்கிச்சு. ஐயா மாமிக்குத் தெரியாமப் போன்ல பேசிக்கினு இருந்தாரு. அதான் பூட்டு."

மாமி கொத்தமல்லியைப் பைக்குள் தள்ளினார். பிறகு என்னைக் கேட்டார்: "மலையில அந்தப் பொண்ணு தனியாவா இருக்கா?"

"தொலைநோக்கியை ஓட்ட ஒருத்தர் இருப்பார். மத்தபடி தனிதான்."

"குளிருமா?"

"தை மாசம் மாமி. நல்லாவே குளிரும்."

"அவ அம்மா?"

"மந்தைவெளியில. இந்த நட்சத்திரமெல்லாம் எதுக்குன்னு தினம் திட்டுவாங்க. போன வாட்டி அவங்கதான் டிபன் கட்டிக் குடுத்து பஸ் ஏத்திவிட்டாங்க."

மாமி பையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றார். "ஏன்னா," என்றார். இந்தத் தடவை நடுவில் யாரும் இல்லை. "காதை இப்படிக் குடுங்கோ."

அவர் முட்டி போட்டுத் தலையைத் தரையோடு சாய்த்தார். மாமி ஏதோ சொன்னார். நாலு எண்ணாக இருக்கும். நானும் அக்காவும் லிஃப்டின் பின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் உரக்க, "பேசி முடிச்சதும் மறுபடி பூட்டிடணும்," என்றார்.

டார்ச் உள்ளே போயிற்று. எங்களுக்கு மறுபடி இருட்டு. கதவைத் திறந்தே வைத்திருந்ததால் அவர் குரல் மட்டும் கேட்டது. முதலில் நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் போடுகிற மாதிரி எண்கள். பிறகு ஏதோ விசாரிக்கிற குரல். பிறகு ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி குரல், இப்போது தாழ்ந்து. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. நடுவில் ஒரு சிரிப்பு. நாலு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்த ஆள் சிரிக்கிற சிரிப்பு.

"மலைல கீற பொண்ணுகிட்ட இம்மாந்நேரம் இன்னா பேச்சு?" என்றார் அக்கா. கேட்டுவிட்டு, "பாப்பாவா..." என்று இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

மாமி இருட்டில் பையைத் தேடி எடுத்துக்கொண்டார். "பேசட்டும்," என்றார்.

மெக்கானிக் வந்தாரா, கரெண்ட் முதலில் வந்ததா என்று இப்போது ஞாபகமில்லை. விளக்கு எரிந்தது, லிஃப்ட் மேலே ஏறி நாலாம் மாடியில் நின்றது. கம்பிக் கதவைத் தள்ளி வெளியே வந்தபோது நடைக் காற்றே மெரினாக் காற்று மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் ரிசீவரோடு, ஒயர் நீண்டவரை வாசலுக்கு வந்து நின்றார். ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சொல்லியாச்சு சார். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் திருப்பிப் படிச்சுக் காட்டினா. சரியா இருந்தது." பிறகு கையை எடுத்தார். யாரிடமும் பேசவில்லை, காதிலும் வைத்துக்கொள்ளவில்லை. ரிசீவரை மாமி பக்கம் நீட்டிக்கொண்டே நின்றார்.

மாமி வாசல்படியில் நின்றார். அக்கா அவர் கையிலிருந்து காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார். ஐந்தாம் மாடிப் பத்திரிகையை மறந்துவிட்டு நான் படியில் இறங்கிவிட்டேன். லிஃப்ட் வேண்டாம் என்றிருந்தது. அங்கே நிற்பதும் சரியில்லை.

அன்று ராத்திரி எனக்கு அந்தப் பெட்டியை விட்டு வெளியே வந்த மாதிரியே இல்லை. எண் போய்ச் சேர்ந்தது சரி. நேரத்துக்குப் போயிற்றா? மேற்கே மரத்துக்குள் விழுவதற்கு முன்னால் அவள் பிடித்தாளா? மலையில் வேலை நடக்கும்போது போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பேஜர் கிணுகிணுத்தது. "நமஸ்காரம். நேற்றைய சிரமங்களை அறிந்து மிகவும் வருந்தினேன். தங்களுக்கும் அந்தத் தம்பதிகளுக்கும் என் ஆசீர்வாதம். மலையிலிருந்து நம் குழந்தை பேசினாள். பின்னொளி"

அவ்வளவுதான். அந்த மனிதரை நான் என்ன செய்வது!

வாய் கொப்பளிக்காமல் தெருக்கோடி பூத்துக்கு ஓடினேன். மலை நம்பர் போட்டேன். தூக்கக் கலக்கத்தோடு அவளே எடுத்தாள்.

"இருக்கு அண்ணா," என்றாள். "பழைய படத்துல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. இதுல ஒரு சின்னப் புள்ளி. மரம் மறைக்கிறதுக்குள்ள மூணு படம் எடுத்துட்டேன். மூணுலயும் இருக்கு."

பூத்தின் கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டேன். என் வாயில் பற்பசை நுரை இன்னும் இருந்தது. நல்லது அம்மா, நல்லது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நேத்து போன்ல பேசினாரே ஒரு பெரியவர், அவர் யாரு?"

"ஏம்மா, எண்ணைத் தப்பாச் சொன்னாரா?"

"இல்ல, எண்ணெல்லாம் கரெக்டாச் சொன்னார். சொல்லி முடிச்சுட்டு வைக்கவே இல்ல. மலையில குளிருமே, கம்பளி கொண்டு போயிருக்கியா, ராத்திரி சாப்பிட்டியான்னு கேட்டார். எனக்கு ஒரே அவசரம், ஆனா வைக்க மனசு வரல. 'சாப்பிட்டேன்பா'ன்னு சொல்லிட்டேன். யாருன்னே தெரியாம."